தானாக எதையும் செய்யக் கூடாத கேமரா: நேரலைக்கு டிஎஸ்எல்ஆரும் மிரர்லெஸ்ஸும்

வெப்கேமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிஎஸ்எல்ஆரையோ மிரர்லெஸ் கேமராவையோ வைத்தால் நேரலையின் படம் ஒரே நாளில் மாறிவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். படம் மாறும், சந்தேகமே இல்லை. மடிக்கணினியின் மூடியில் இருக்கும் சென்சாரின் அகலம் சில மில்லிமீட்டர்தான். ஏபிஎஸ்-சி என்ற அளவில் சென்சார் உள்ள கேமராவில் அது 23 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அந்த இடைவெளியை எந்த மென்பொருளாலும் நிரப்ப முடியாது. ஆனால் முதல் நேரலையிலேயே வேறு சிலவும் தெரியவரும். அரை மணி நேரத்தில் திரை கறுத்துப்போகும். பேட்டரிக் குறியும் ஷட்டர் எண்ணும் பார்ப்பவர் திரையில் பளிச்சென்று நிற்கும். ஒரு பொருளைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு இறக்கினால், ஃபோகஸ் முகத்துக்குத் திரும்பாமல் பின்சுவரிலேயே தங்கிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். படம் எடுப்பதற்கென்று செய்த கேமரா, கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் உறங்கப் போகும். வெளிச்சம் மாறினால் தானாக எக்ஸ்போஷரை மாற்றும். சட்டையின் நிறம் மாறினால் தானாக வொயிட் பேலன்ஸை மாற்றும். கையில் பிடித்துப் படமெடுப்பவருக்கு இவை பேருதவி. இரண்டு மணி நேரம் யாரும் தொடாமல் ஒரே மாதிரி நிற்க வேண்டிய நேரலையில் இந்தத் 'தானாக' ஒவ்வொன்றும் ஒரு பழுது. கேமராவை வெப்கேம் ஆக்குவது என்றால், அது தானாகச் செய்யும் காரியங்களை ஒவ்வொன்றாக நிறுத்துவது என்றுதான் பொருள்.

படத்தை வெளியே எடுக்கும் வழி

கேமராவிலிருந்து கணினிக்குப் படம் போக மூன்று வழிகள் உண்டு. பெருந்தொற்றுக் காலமான 2020இல் கேனன், ஃபுஜிஃபிலிம், நிக்கான், பானசோனிக், சோனி எல்லோரும் அடுத்தடுத்து யூஎஸ்பி வழி வெப்கேம் மென்பொருள்களை வெளியிட்டார்கள். கையிலிருக்கும் கேபிளே போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் இந்த வழியில் வருவது கேமராவின் வீடியோ அல்ல. கேமராவின் பின்திரைக்குப் போகும் லைவ் வியூ முன்னோட்டப் படம்தான் யூஎஸ்பி வழியாக வருகிறது. சோனியின் இமேஜிங் எட்ஜ் வெப்கேம் தருவது 1024×576 பிக்சல். அலுவலகக் கூட்டத்தில் சின்னக் கட்டத்துக்குள் தெரியும் முகத்துக்கு அது தாராளம். முழுத்திரையில் பார்க்கும் நேரலைக்குப் போதாது. ஒலியும் இந்த வழியில் வராது. மைக்கைத் தனியாகக் கணினியில்தான் செருக வேண்டும்.

இரண்டாவது வழி யூவிசி. டிரைவரோ தனி மென்பொருளோ இல்லாமல், செருகியதும் கணினி கேமராவை வெப்கேமாகவே அடையாளம் கண்டுகொள்ளும் பொதுவான முறை இது. 2019இல் வந்த சிக்மா எஃப்பியில் இந்த வசதி இருந்தது. அதன்பின் வந்த மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் யூஎஸ்பி ஸ்ட்ரீமிங் என்ற பெயரில் இருக்கிறது. தரம் மாடலுக்கு மாடல் வேறுபடும். சோனி இசட்வி-இ10 தருவது 720பி; ஏ7 ஃபோர் 1080பியில் நொடிக்கு 60 ஃப்ரேம் வரை தருகிறது. ஆகவே யூவிசி உண்டு என்று விளம்பரத்தில் பார்த்ததோடு நிற்காமல், கையேட்டில் எத்தனை பிக்சல், எத்தனை ஃப்ரேம் என்பதையும் படித்துவிடுங்கள்.

மூன்றாவது எச்டிஎம்ஐ. கேமராவின் எச்டிஎம்ஐ துளையிலிருந்து, படத்தைக் கணினி வாங்கிக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றும் கேப்சர் கார்டு என்ற சின்னக் கருவிக்கு, அங்கிருந்து யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு. செலவும் கேபிளும் கூடும். ஆனாலும் ஒழுங்காக நேரலை செய்ய நினைப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். முதல் காரணம், முழு 1080பி. அடுத்தது அதைவிட முக்கியம்: கேமரா தயாரிப்பாளரின் மென்பொருளை இது நம்பியிருக்கவில்லை. கணினியின் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் வெப்கேம் மென்பொருள் வேலை செய்யாமல் போவது அடிக்கடி நடக்கிறது. மேக்கில் சோனோமா என்ற இயங்குதளப் பதிப்பு வந்த பிறகு, பழைய முறையில் எழுதப்பட்ட மெய்நிகர் கேமரா செருகுநிரல்கள் இப்படித்தான் முடங்கின. யூஎஸ்பி கேப்சர் கார்டு பெரும்பாலும் யூவிசி சாதனம் என்பதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒன்றுபோல நடந்துகொள்ளும். கார்டு வாங்க முடியாத லினக்ஸ்காரர்களுக்கு ஜிஃபோட்டோ2, வி4எல்2லூப்பேக், எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரல்கள் மூன்றையும் சேர்த்துக் கட்டும் வழி இருக்கிறது. ஆனால் அதிலும் வருவது முன்னோட்டப் படம்தான்.

முதலில் டிவியில் செருகிப் பாருங்கள்

கேப்சர் கார்டு வாங்கும் முன்பு செலவில்லாத ஒரு சோதனை உண்டு. கேமராவை வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளால் செருகுங்கள். வீடியோ முறையில் வையுங்கள். டிவியில் தெரிவதுதான் நாளை உங்கள் நேரலையில் தெரியப் போவது. பேட்டரிக் குறி, ஃபோகஸ் சதுரம், எண்கள் எதுவும் இல்லாமல் வெறும் படம் மட்டும் நிறைந்து தெரிந்தால் உங்கள் கேமரா தூய எச்டிஎம்ஐ தருகிறது. குறிகள் தெரிந்தால் மெனுவில் எச்டிஎம்ஐ பகுதியைத் தேடுங்கள். சோனியில் எச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்ப்ளே என்று இருப்பதை ஆஃப் செய்ய வேண்டும். மற்ற நிறுவனங்களில் பெயர் கொஞ்சம் மாறியிருக்கும், இடம் அதுவே.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சதுரமோ சட்டகமோ போகாவிட்டால், அந்த கேமராவுக்கு அவ்வளவுதான். கேனனின் பழைய தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் இதுதான் நிலை. சில மாடல்களுக்கு மேஜிக் லான்டர்ன் என்ற இலவசக் கூடுதல் நிரல் இந்தக் குறிகளை மறைக்கிறது. ஆனால் அது தயாரிப்பாளர் தருவது அல்ல, பழுதானால் பொறுப்பு உங்களுடையது. ஓபிஎஸ் என்ற இலவச நேரலை மென்பொருளில் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓரத்தில் இருக்கும் எண்களுக்கு அது சரி. நடுவில் மிதக்கும் ஃபோகஸ் சதுரத்தை வெட்ட வழியில்லை.

டிவியில் செருகியிருக்கும்போதே கேமராவை அப்படியே ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். படம் போய்விட்டால், உறக்க நேரக் கணக்கு ஒன்று எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆட்டோ பவர் ஆஃப், பவர் சேவ், லைவ் வியூ நேரம், ஸ்டாண்ட்பை டைமர் என்று இது பல பெயர்களில் ஒளிந்திருக்கும். ஒரே கேமராவில் இரண்டு இடங்களில் இருப்பதும் உண்டு. எல்லாவற்றையும் ஆஃப் அல்லது நோ லிமிட் என்று வையுங்கள்.

29 நிமிடம் 59 நொடி என்ற பிரபலமான எல்லையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கேமராவை வீடியோ கேமராவாகக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்கம் விதித்ததால் வந்த எல்லை அது. அட்டையில் பதிவு செய்வதற்குத்தான் அது பொருந்தும். பதிவுப் பொத்தானை அழுத்தாமல் எச்டிஎம்ஐ வழியாகப் படத்தை மட்டும் அனுப்பும்போது பெரும்பாலான கேமராக்கள் நிற்பதில்லை. லைவ் வியூவையே அரை மணி நேரத்தில் அணைத்துவிடும் சில மாடல்களும் உண்டு. அந்த ஒரு மணி நேரச் சோதனை அதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கேபிளின் முனையைக் கவனித்து வாங்குங்கள். எச்டிஎம்ஐயில் முழு அளவு, மினி, மைக்ரோ என்று மூன்று அளவுகள். மினியும் மைக்ரோவும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். ஒன்று மற்றதில் நுழையாது. மைக்ரோவுக்கு உரம் குறைவு. தடித்த கேபிள் ஒன்று அந்தச் சின்னத் துளையிலிருந்து காற்றில் தொங்கினால், சில மாதங்களில் துளை தளர்ந்து, கேமராவைத் தொட்டாலே படம் போய்ப் போய் வரும். உள்ளே பலகையில் பற்றவைத்திருக்கும் இணைப்பு அது. பழுதுபார்ப்பது பெரிய வேலை. மெல்லிய, வளையும் கேபிளை வாங்கி, அதை ட்ரைபாடின் தண்டிலோ கேமராவுக்கு அடியிலுள்ள தட்டிலோ ஒரு வளையம் விட்டுக் கட்டிவிடுங்கள். இழுப்பு கட்டில் விழ வேண்டும், துளையில் விழக் கூடாது.

கேப்சர் கார்டும் ஒரு சின்னக் கணக்கும்

மலிவான கேப்சர் கார்டு போதுமா என்பதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தானே வரும்.

1080பி படத்தில் 1920×1080, அதாவது 20,73,600 பிக்சல்கள். சுருக்காமல் ஒய்யூஒய்2 வடிவத்தில் அனுப்பினால் ஒரு பிக்சலுக்கு 2 பைட். ஒரு ஃப்ரேமுக்கு 4.1 மெகாபைட்டுக்கு மேல். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 124 மெகாபைட். யூஎஸ்பி 2.0இன் காகித வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 40ஐத் தொட்டால் பெரிது. எனவே யூஎஸ்பி 2.0 கார்டு சுருக்காத 1080பியை 30 ஃப்ரேமில் தரவே முடியாது. ஒவ்வொரு ஃப்ரேமையும் ஜேபெக் படமாகச் சுருக்கி எம்ஜேபெக் என்ற வடிவில்தான் அனுப்பும்.

சந்தையில் விரல் நீளத்தில் கிடைக்கும் விலை குறைந்த கார்டுகளில் பெரும்பாலும் எம்எஸ்2109 என்ற சிப் இருக்கிறது. அது யூஎஸ்பி 2.0 சிப். செருகும் முனையில் நீல பிளாஸ்டிக் வைத்து, பெட்டியில் 4கே என்றும் 3.0 என்றும் அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது மாறாது. அந்த 4கே என்பது உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு. கணினிக்கு வருவது 1080பி, 30 ஃப்ரேம், எம்ஜேபெக். மோசமா என்றால் இல்லை. நேரலைத் தளம் எப்படியும் இன்னொரு முறை படத்தைச் சுருக்கத்தான் போகிறது. நல்ல வெளிச்சத்தில் பேசும் முகத்துக்கு இந்தக் கார்டே போதும் என்பது என் தீர்ப்பு. பச்சைத்திரை போட்டுப் பின்னணியை நீக்குகிறவர்களுக்கு மட்டும் போதாது: சுருக்கத்தின் கட்டங்கள் முடியின் ஓரத்தில் தெரியும். அவர்கள் உண்மையான யூஎஸ்பி 3.0 கார்டுக்குப் போக வேண்டும்.

இந்தச் சிப்பில் இரண்டு இடறல்கள் உண்டு. ஓபிஎஸ்ஸில் கார்டைச் சேர்க்கும்போது வடிவம் தானாக ஒய்யூஒய்2 என்று அமைந்துவிட்டால், 1080பியில் நொடிக்கு 5 ஃப்ரேம்தான் வரும். படம் தத்தித் தத்தி நகரும். கார்டு பழுது என்று திருப்பி அனுப்பும் முன்பு, ரெசல்யூஷனைக் கஸ்டம் என்று மாற்றி, 1920×1080, 30 ஃப்ரேம், எம்ஜேபெக் என்று கையால் அமையுங்கள். மற்றது ஒலி. இந்தச் சிப் தன் ஒலியை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று கணினியிடம் அறிவிக்கிறது. உண்மையில் உள்ளே இருப்பது 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ. அதனால்தான் இடமும் வலமும் ஒன்றாகக் கலந்து ஒலி கெட்டுக் கேட்கிறது. கேமராவின் ஒலியை நம்பியிருக்கும் ஏற்பாடு என்றால் இந்தக் கார்டைத் தவிர்த்துவிடுங்கள்.

கார்டைக் கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள். மைக், விசைப்பலகை, ஹார்ட் டிஸ்க் எல்லாம் தொங்கும் யூஎஸ்பி ஹப்பில் செருகினால், எல்லோரும் ஒரே பாதையைப் பங்கு போடுவார்கள். படம் அவ்வப்போது உறையும். கேமராவின் எச்டிஎம்ஐ அளவையும் ஆட்டோவில் விடாமல் 1080பி என்று கட்டிப்போடுங்கள். ஆட்டோவில் சில கேமராக்கள் 4கேயை அனுப்பும், கார்டு கறுப்புத் திரை காட்டும். சிலது 1080i என்ற இன்டர்லேஸ் வடிவத்தை, அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியாக வரும் படத்தை, அனுப்பும். கையை அசைத்தால் ஓரங்கள் சீப்புப் பல் போல வரிவரியாகக் கிழியும். அப்படித் தெரிந்தால் முதலில் கேமராவின் எச்டிஎம்ஐ அமைப்பைப் பாருங்கள். அங்கே 1080பி என்ற தேர்வே இல்லாவிட்டால் ஓபிஎஸ்ஸில் டீஇன்டர்லேசிங்கை இயக்குங்கள்.

மின்சாரம்

நேரலை பாதியில் நிற்பதற்கு முதற்காரணம் பேட்டரி. சென்சாரும் திரையும் எச்டிஎம்ஐயும் ஒருசேர ஓடும்போது மிரர்லெஸ்ஸின் ஒரு பேட்டரி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வந்தால் அதிகம். சின்னப் பேட்டரி போட்ட மாடல்களில் அதுகூட வராது. பேட்டரிக் கூட்டுக்குள் போகும் டம்மி பேட்டரிதான் இதற்கு மருந்து. பேட்டரியின் வடிவத்திலேயே இருக்கும் வெற்றுக் கூடு அது. அதிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து அடாப்டருக்குப் போகும். கேமராவின் பேட்டரிக் கதவருகே பாருங்கள், சின்ன ரப்பர் மூடி ஒன்று இருக்கும். அது இந்த வயருக்கான வாசல்தான். கதவை மூடாவிட்டால் கேமரா இயங்காது என்பதால் அந்த வாசல் தேவை.

மாடல் பெயரைப் பார்க்காமல் பேட்டரியின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். எல்பி-இ6, என்பி-எஃப்டபிள்யூ50, இஎன்-இஎல்15 என்று பேட்டரியிலேயே எழுதியிருக்கும். டம்மியில் இரண்டு வகை: சுவர்ச் செருகியிலிருந்து நேரே 8 வோல்ட்டை ஒட்டித் தருவது ஒன்று, யூஎஸ்பியின் 5 வோல்ட்டை வாங்கி வயரின் நடுவிலுள்ள சின்னப் பெட்டியில் 8 வோல்ட்டாக உயர்த்துவது மற்றொன்று. இரண்டாவதில்தான் தொல்லை அதிகம். லென்ஸ் மோட்டார் நகரும் ஒரு கணத்தில் கேமரா 8 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 8 வாட். உயர்த்தும் பெட்டியில் பத்து பதினைந்து சதவீதம் வீணாகும். அப்படியானால் 5 வோல்ட் பக்கத்தில் ஏறக்குறைய 1.8 ஆம்பியர் தேவை. பழைய செல்போன் சார்ஜரின் 1 ஆம்பியரால் அதைத் தர முடியாது. மின்னழுத்தம் சரிந்து கேமரா அணைந்துவிடும். ஃபோகஸ் நகரும்போது மட்டும் கேமரா அணைகிறது என்றால் காரணம் இதுதான். 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் அடாப்டரும், குட்டையான தடித்த வயரும் போட்டால் சரியாகிவிடும். கணினியின் யூஎஸ்பி துளையில் இதைச் செருகவே வேண்டாம்: பழைய 2.0 துளை தருவது அரை ஆம்பியர், 3.0 தருவது 0.9.

புதிய கேமராக்கள் பலவற்றில் யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் ஏற்றலாம். உள்ளே உண்மையான பேட்டரி இருந்தாக வேண்டும் என்பது பெரும்பாலும் நிபந்தனை. வருவதைவிடச் செலவு கூடினால், பேட்டரி மெல்ல மெல்ல இறங்கி மூன்றாவது மணி நேரத்தில் கைவிடும். ஒரு மணி நேரத்தில் எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால் போதும்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாக. திரும்பும் திரையை உடலிலிருந்து விலக்கி வையுங்கள், பின்பக்கம் காற்றாடட்டும். ட்ரைபாடில் நிற்கும் கேமராவுக்கு உள்நடுக்கத் தடுப்பு தேவையில்லை, அணைத்துவிடுங்கள். 1080பி அனுப்பினால் போதும் என்ற இடத்தில் 4கே வேண்டாம். நேரலையோடு சேர்த்து அட்டையிலும் பதிவு செய்யாதீர்கள்; பதிவைக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். சோனியில் ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப் என்ற தேர்வை ஹை என்று வைத்தால் கேமரா இன்னும் கொஞ்சம் தாங்கும். டம்மி பேட்டரிக்கு இங்கே இன்னொரு பலன்: பேட்டரி தரும் சூடு கேமராவுக்குள் இருக்காது.

எக்ஸ்போஷரைக் கட்டிப்போடுவது

வீடியோ முறை, மேனுவல். ஷட்டரிலிருந்து, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சென்சார் ஒளி வாங்கும் நேரத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டு மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஷட்டர் 1/50 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு துடிப்புகள் விழும்; 1/100 என்றால் ஒன்று. 1/60 வைத்தால் ஒன்றும் மூன்றில் இரண்டு பங்குமாக விழும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அளவு மாறும். திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்துபோகும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 1/60 அல்லது 1/120. கேமரா 30 ஃப்ரேமில் ஓடினாலும், 50 ஹெர்ட்ஸ் விளக்கின் கீழ் 1/50தான் சரி. எல்இடி விளக்கின் ஒளியைக் குறைத்தால் சிலது வேறொரு வேகத்தில் துடிக்கத் தொடங்கும். அப்போது ஒளியை முழுதாக வைத்து, விளக்கைத் தள்ளி நிறுத்துங்கள்.

கேமராவும் ஓபிஎஸ்ஸும் ஒரே ஃப்ரேம் எண்ணில் இருக்கட்டும். கேமரா 25, ஓபிஎஸ் 30 என்றால் ஒவ்வொரு நொடியிலும் 5 ஃப்ரேம்கள் இருமுறை காட்டப்படும். கை அசைவில் ஒரு சிறு தடுக்கல் தெரியும். காரணம் புரியாமல் பலர் இணையத்தின் வேகத்தைக் குறை சொல்கிறார்கள்.

லென்ஸ் ஒளியை விடும் துளையான அப்பெர்ச்சரில்தான் ஆசை கண்ணை மறைக்கும்; எஃப் எண் குறைந்தால் துளை பெரிதாகும். பின்னணி கரைந்துபோக வேண்டும் என்று எஃப் 1.4இல் திறந்து வைப்பார்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் 30 மி.மீ. லென்ஸ், முகம் 1 மீட்டர் தூரத்தில் என்று கொள்ளுங்கள். எஃப் 1.4இல் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். மூக்கிலிருந்து காது வரை அதைவிட அதிகம். நாற்காலியில் சாய்ந்தாலே கண் ஃபோகஸை விட்டுப் போய்விடும். எஃப் 2.8இல் 12 சென்டிமீட்டர், எஃப் 4இல் 18. பேசும்போது முன்னும் பின்னும் அசைவது இயல்பு. எஃப் 2.8க்கும் 4க்கும் இடையில் நின்றுகொள்வது நல்லது. பின்னணி கரைய வேண்டுமானால் அப்பெர்ச்சரைத் திறப்பதைவிட, நாற்காலியைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னுக்கு இழுத்துப் போடுங்கள்.

ஷட்டரும் அப்பெர்ச்சரும் முடிவான பிறகு மிஞ்சுவது சென்சாரின் ஒளியுணர்வு எண்ணான ஐஎஸ்ஓ. 800க்கு மேல் போக வேண்டியிருந்தால் விளக்கு போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் புள்ளிகள் கண்ணுக்கு மட்டும் உறுத்தல் அல்ல. ஒவ்வொரு ஃப்ரேமிலும் இடம் மாறும் அந்தப் புள்ளிகளைச் சுருக்க என்கோடர் தன் பிட்களைச் செலவிடும். முகத்துக்கு மிச்சம் இருக்காது. நொடிக்கு 6 மெகாபிட்டில் ஓடும் 1080பி நேரலையில் இந்த இழப்பு நன்றாகவே தெரியும். ஆகவே புது லென்ஸுக்கு முன்னால் விளக்கு. முகத்துக்குப் பக்கவாட்டில் 45 டிகிரியில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, மென்துணி போட்ட பெரிய விளக்கு ஒன்று போதும். சாதாரணக் கிட் லென்ஸ்கூட அந்த வெளிச்சத்தில் அழகாக நடந்துகொள்ளும்.

வொயிட் பேலன்ஸை, ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணில் பூட்டுங்கள், விளக்கு 5600 என்றால் 5600. ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்திருக்கும் அறையில் எந்த எண் வைத்தாலும் முகத்தின் ஒரு பாதி நீலமாகவோ மறு பாதி ஆரஞ்சாகவோ நிற்கும். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரே வகை ஒளிக்கு வந்துவிடுவதுதான் வழி.

ஃபோகஸ் ஒன்றில் மட்டும் 'தானாக' என்பதை நான் அனுமதிப்பேன், அதுவும் நிபந்தனையோடு. முகத்தையும் கண்ணையும் தொடரும் வசதி உள்ள புதிய மிரர்லெஸ் என்றால் தொடர் ஃபோகஸை இயக்குங்கள். ஆனால் நகரும் வேகத்தையும் இடம் மாறும் உணர்வையும் குறைவாக வையுங்கள். பொருளைக் காட்டும் நேரலை என்றால் நேர்மாறாக. பழைய டிஎஸ்எல்ஆர்களில் லைவ் வியூ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தேடி அலையும், அவற்றில் மேனுவல்தான். கண் இமை தெரியும் அளவுக்குத் திரையைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்துவிட்டு, நாற்காலியின் கால் இருக்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் எது என்பது மேசையின் ஆழத்தைப் பொறுத்தது. ஏபிஎஸ்-சியில் 1 மீட்டர் தூரத்தில் 16 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம் காட்டும், 30 மி.மீ. எண்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக. தலையும் தோளும் தெரிய 24 முதல் 30 வரை சுகம். 16ஐ வைத்துக்கொண்டு அருகே போனால் மூக்கு பெரிதாகும். கேமராவைக் கண்மட்டத்தில், திரைக்கு மேலேயோ பின்னாலோ, தனித் தண்டில் நிறுத்துங்கள். தட்டச்சு செய்யும் மேசையிலேயே தண்டைத் திருகினால் ஒவ்வொரு விசைக்கும் படம் நடுங்கும்.

உதடும் ஒலியும்

எச்டிஎம்ஐ வழியில் படம் தாமதமாகத்தான் வரும். கேமரா தன் பங்குக்குச் சில ஃப்ரேம்கள் பிடித்துவைக்கும், கார்டு தன் பங்குக்கு. யூஎஸ்பி மைக்கின் ஒலியோ உடனே வந்துவிடும். விளைவு, உதடு அசையும் முன்பே சொல் கேட்கும். ஒலி பின்தங்குவதைக் காது பொறுத்துக்கொள்ளும். தூரத்து இடி போல இயற்கையில் அது பழக்கம். ஒலி முந்துவதைப் பொறுக்காது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பிடி.1359 பரிந்துரை இதை எண்ணாகவே தருகிறது: ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுகிறோம், பின்தங்கினால் 125 வரை தெரிவதில்லை.

அளப்பது எளிது. ஓபிஎஸ்ஸில் 30 ஃப்ரேமில் பதிவைத் தொடங்கி, கேமரா முன் ஒருமுறை கைதட்டுங்கள். அந்தக் கோப்பை ஏதாவது எடிட்டரில் திறந்து ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்துங்கள். ஒலி அலை உயர்ந்தது 12ஆம் ஃப்ரேம், உள்ளங்கைகள் ஒட்டியது 17ஆம் ஃப்ரேம் என்றால் வித்தியாசம் 5. ஒரு ஃப்ரேம் 33.3 மில்லிநொடி, எனவே ஒலியை 167 தாமதிக்க வேண்டும். ஓபிஎஸ்ஸின் ஆடியோ மிக்சரில் அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, மைக்கின் சிங்க் ஆஃப்செட்டில் 167 என்று கொடுங்கள். கூட்டல் எண் ஒலியைத் தாமதிக்கும். மீண்டும் ஒருமுறை கைதட்டிச் சரிபாருங்கள். கார்டோ கேமராவின் ஃப்ரேம் எண்ணோ மாறினால் இந்த எண்ணும் மாறும்.

ஜூம் போன்ற கூட்டச் செயலிகளில் இப்படி ஒலியைத் தாமதிக்கும் வசதி இல்லை. அங்கே படத்தை ஓபிஎஸ்ஸின் மெய்நிகர் கேமரா வழியாகவும், ஒலியை மெய்நிகர் ஒலிக் கேபிள் ஒன்றின் வழியாகவும் அனுப்ப வேண்டும். அதற்குப் பதில் மைக்கைக் கேமராவின் 3.5 மி.மீ. துளையில் செருகிவிடலாம், படமும் ஒலியும் ஒரே எச்டிஎம்ஐயில் சேர்ந்தே வரும், ஒத்திசைவுக் கவலை பெருமளவு தீரும். கேமராவின் ஒலி அளவையும் ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பேச்சை நிறுத்தும் ஒவ்வொரு இடைவெளியிலும் மின்விசிறியின் சத்தம் மேலெழுந்து வரும்.

நிறம் வெளிறித் தெரிந்தால்

எல்லாம் சரியாக இருந்தும் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதா? அல்லது கறுப்பு முடி ஒரே மையாகிவிட்டதா? எச்டிஎம்ஐ படத்தின் ஒளி எண்கள் 16 முதல் 235 வரை போகலாம், 0 முதல் 255 வரையும் போகலாம். கேமரா ஒன்றை அனுப்ப, ஓபிஎஸ் மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் இப்படி ஆகும். கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் கலர் ரேஞ்ச் என்ற இடத்தில் லிமிடெட், ஃபுல் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். ஒன்றில் சட்டென்று சரியாகும். சிவப்பும் தோல் நிறமும் மட்டும் விலகியிருந்தால் பக்கத்திலேயே இருக்கும் கலர் ஸ்பேஸை 709 ஆக்குங்கள். இதைச் செய்யாமல் ஃபில்டர் போட்டு நிறத்தைச் சரிசெய்யப் போனால் முடிவே இருக்காது.

கார்டை ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் பிடித்துக்கொள்ள முடியும் என்பது விண்டோஸில் அடிக்கடி இடறும். உலாவியின் ஏதோ ஒரு தாவலில் கூட்டச் செயலி திறந்திருந்தால் ஓபிஎஸ்ஸில் கறுப்புத் திரை. யூஎஸ்பி வழி மென்பொருளில் இதே தொல்லையைத் தருவது, கேமராவைச் செருகியதும் தானாக எழும் படம் இறக்கும் செயலி.

நேரலை நாளுக்கு முந்தின நாள் முழு ஒத்திகை ஒன்று வேண்டும்: அதே விளக்கு, அதே அறைச் சூடு, திட்டமிட்ட நேரத்தைவிட அரை மணி கூடுதல், ஓபிஎஸ்ஸில் பதிவு. கோப்பின் கடைசி ஐந்து நிமிடத்தை முதலில் பாருங்கள். சூட்டில் நிற்பதும், பேட்டரி இறங்குவதும், ஒலி மெல்ல விலகுவதும் அங்கேதான் தெரியும். ஒத்திகை முடிந்தபின் கேமராவை அணைத்து மீண்டும் இயக்கி, சட்டகத்தைச் சரிபாருங்கள். மின்மோட்டாரில் ஜூம் ஆகும் கிட் லென்ஸ்கள் அணைந்ததும் உள்ளே சுருங்கிக்கொள்ளும். திரும்ப எழும்போது நீங்கள் வைத்த ஜூமில் நிற்காமல் அகலக் கோணத்துக்குப் போய்விடும், கையால் வைத்த ஃபோகஸும் அதோடு போயிருக்கும். அப்படிப்பட்ட லென்ஸ் என்றால், நேரலைக்குக் கால் மணி நேரம் முன்பே கேமராவை இயக்கி, ஜூமையும் ஃபோகஸையும் புதிதாக வைத்துவிட்டு, முடியும்வரை அணைக்காமல் விடுங்கள்.